வட சென்னையில் ஏன் ஒரு குன்றுகூட இல்லை?

"பிறந்து வளர்ந்தது தண்டையார்பேட்டை. தெற்கே பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் என்று குன்றுகள் இருக்கின்றன. நம் பக்கம் பேருக்கு ஒரு மேடுகூட இல்லை. ஆனால் திருப்பதி ரயிலில் ஏறினால், திருத்தணி தாண்டியதும் உச்சியைச் சீவிவிட்டது மாதிரி மலைகள் வரிசையாக வருகின்றன. ஒரே வட்டாரத்தில் ஏன் இப்படி? எரிமலையா, பூகம்பமா? இனிமேல் நம் பக்கம் மலை வர வாய்ப்பு உண்டா?" என்று கேட்டிருந்தீர்கள்.

எரிமலையும் இல்லை, பூகம்பமும் இல்லை. இரண்டு விஷயங்களைப் பிடித்துக்கொண்டால் போதும். ஒன்று, எந்தக் கல் மழைக்கும் வெயிலுக்கும் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது. இரண்டு, எந்தத் துண்டு நிலம் எப்போது கீழே இறங்கியது. வட சென்னை கீழே இறங்கிய துண்டைச் சேர்ந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்பியது நீங்கள் ரயிலில் பார்த்த மலைகளும், அவற்றுக்கு முன்பு அங்கே நின்று கரைந்துபோன மலைகளும்தான்.

நான் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட இடம் பார்த்துச் சொல்லும் வேலையில் காலம் கழித்தவன். மலையைப் பற்றிப் பேசச் சொன்னாலும் கீழேயிருந்துதான் ஆரம்பிப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிண்டி, ஆலந்தூர் பக்கம் போர் போட்டால் பல இடங்களில் சில பத்து அடிகளிலேயே பாறை தட்டிவிடும். துளை போடும் ரிக் வண்டியின் சத்தமே மாறும். வெளியே நீலமும் சாம்பலும் கலந்த பொடி பறக்கும், பக்கத்து வீட்டுக்காரர் துணி காயப்போட்டிருந்தால் சண்டைக்கு வருவார். அதே வண்டியை மீஞ்சூர், பொன்னேரி பக்கம் கொண்டுபோனால் வேலைக்கு ஆகாது. காற்றடித்துத் துளைக்கிற ரிக்குக்கு மணலில் குழி நிற்காது, சரிந்து மூடிக்கொள்ளும். சேற்றுத் தண்ணீர் ஊற்றித் துளைக்கிற ரோட்டரிதான் வேண்டும். மேலே மணல் வரும். அப்புறம் சிப்பித் துண்டு கலந்த கருங்களி, மறுபடி மணல், மஞ்சள் களி, அதற்கும் கீழே கூழாங்கல் கலந்த பருமணல். நூறடி தாண்டினாலும் கெட்டிப்பாறை வருவதில்லை. ஒரே நகரம், முப்பது நாற்பது கிலோமீட்டர் தூரம்தான் வித்தியாசம்.

முதலில் அந்த நீலச்சாம்பல் கல்லைப் பார்த்துவிடுவோம். பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் எல்லாம் அந்தக் கல்தான். பெயர் சார்னோக்கைட். கொல்கத்தாவில் 1693ல் இறந்த ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலந்து, 1893ல் வைத்த பெயர். நம்மூர்க் கல்லுக்கு வங்காளக் கல்லறையிலிருந்து பெயர் வந்தது வேடிக்கைதான். இந்தியப் புவியியல் ஆய்வு மையம் பரங்கிமலையை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகவே அறிவித்திருக்கிறது. மேலே போகிறவர்கள் சர்ச்சைப் பார்ப்பார்கள், ஏறி இறங்கும் விமானத்தைப் பார்ப்பார்கள், கல்லை யாரும் பார்ப்பதில்லை.

அந்தக் கல்லின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. அதைவிட முக்கியமானது அது உருவான ஆழம். அதிலிருக்கிற கனிமங்களைச் சோதித்தால், தரைக்குக் கீழே இருபது கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 700, 800 டிகிரி வெப்பத்தில் உருவானது என்று தெரிகிறது. அவ்வளவு ஆழத்தில் இருந்த கல் இன்றைக்கு ஏர்போர்ட் ரன்வேக்குப் பக்கத்தில் வெயில் காய்கிறது என்றால், அதற்கு மேலே இருந்த இருபது சொச்சம் கிலோமீட்டர் கல் எங்கே போனது? கரைந்து போய்விட்டது. பரங்கிமலை ஒரு காலத்தில் உயர்ந்து எழும்பி வந்த மலை இல்லை. ஒரு பெரிய மலைத்தொடரின் அடித்தளம் அது. மேலே இருந்ததெல்லாம் போனபின் அடித்தளம் வெளியே தெரிகிறது.

"அரித்து அரித்துத் தரைமட்டம் ஆனதும் நின்றுவிட வேண்டாமா? இருபது கிலோமீட்டர் ஆழம் வரை எப்படி அரிக்கும்?" என்று கேட்டால் நியாயமான கேள்வி. நம் துறைமுகத்தில் சரக்குக் கப்பல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சரக்கை இறக்க இறக்கக் கப்பல் தண்ணீரில் மேலே எழும்பும். பூமியின் மேலோடும் அப்படித்தான், தனக்குக் கீழேயுள்ள அடர்த்தியான, மிக மெதுவாக இளகிக்கொடுக்கிற கல்லின் மேல் மிதக்கிறது. தண்ணீரோடு ஒப்பிட்டால் மேலோட்டின் அடர்த்தி சுமார் 2.7 மடங்கு, கீழே உள்ளது சுமார் 3.3 மடங்கு. கணக்குப் போட்டால், பரந்த நிலப்பரப்பில் மேலேயிருந்து நூறு மீட்டர் அரித்துப் போனால், கீழேயிருந்து எண்பது மீட்டர் எழும்பி வருகிறது. உயரம் உண்மையில் குறைவது இருபது மீட்டர்தான். அதனால்தான் பழைய மலைகள் சீக்கிரம் தரைமட்டம் ஆவதில்லை. தென்னிந்திய மலைப்பகுதிகளில் அரிப்பின் வேகம் பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் வரைதான். அவ்வளவு மெதுவாக நடந்தாலும், கோடி கோடியாக ஆண்டுகள் இருக்கும்போது எதுவும் தாங்காது.

எல்லாம் கரைந்தபோது பரங்கிமலை மட்டும் ஏன் முந்நூறு அடி மிஞ்சி நிற்கிறது? விரிசல்தான் காரணம். மழைத்தண்ணீர் பாறைக்குள் போக வழி வேண்டும். விரிசல் நெருக்கமாக இருக்கிற இடத்தில் தண்ணீர் இறங்கி, கல்லை உள்ளிருந்தே இளக்கி மண்ணாக்கிவிடும். விரிசல் குறைவாக இருக்கிற கட்டி நின்றுவிடும். பல்லாவரம் பக்கத்துப் பழைய குவாரிகளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மேலே உருண்டை உருண்டையாகக் கற்கள், இடையில் மட்கிய பழுப்பு மண், கீழே போகப்போக முழுப்பாறை.

சரி, இந்தப் பாறை நம் பக்கம் எங்கே போனது? இருக்கிறது, ரொம்பக் கீழே. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவின் கிழக்குக் கரையும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்தன. அவை பிரியும்போது நிலம் ஒரே கோட்டில் பிய்ந்துவிடவில்லை. இழுபட்டு, பல துண்டுகளாகப் பிளந்து, சில துண்டுகள் இறங்கின, சில அப்படியே நின்றன. இறங்கிய துண்டுகள் நீளமான பள்ளங்களாயின. காவிரிப் படுகை அப்படி வந்தது, நம்முடைய பாலாற்றுப் படுகையும் அப்படித்தான். தெற்குச் சென்னையில் பாறை மேலே நிற்க, வடக்கிலும் மேற்கிலும் அது ஆழத்துக்குப் போனது. அந்தப் பள்ளங்களில் ஆறும் ஏரியும், சில சமயம் கடலும் வந்து வண்டலைப் போட்டன. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கிணறு வெட்டும்போது வருகிற சாம்பல் நிற ஏடு ஏடான களிக்கல், அந்தக் காலத்து வண்டல்தான். அதை ஏடாகப் பிரித்தால் பனைபோலத் தோன்றும் பழைய செடிகளின் இலை அச்சு கிடைக்கும். கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் கிடைத்திருக்கின்றன.

இனி திருப்பதி ரயிலுக்கு வருவோம். நகரி, புத்தூர் பக்கம் உச்சி தட்டையாக நிற்கிற மலைகளின் மேல்பகுதி குவார்ட்சைட். 150 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய ஒரு கடலோரத்து மணல், புதைந்து, அழுத்தப்பட்டு, மணலோடு மணல் ஒட்டிக் கல்லானது. அதற்குக் கீழே இருப்பது அதைவிட மிகப் பழைய கிரானைட். மழைத்தண்ணீர் கிரானைட்டில் இருக்கும் ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்தை மெல்ல மெல்லக் களியாக்கிவிடும். குவார்ட்சைட்டோ கிட்டத்தட்ட முழுக்கக் குவார்ட்ஸ் என்ற கெட்டிக் கனிமம், தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. அதனால் அடிப்பகுதி அரிக்கப்பட்டுச் சரிவாகிக்கொண்டே போக, மேல்மூடி அப்படியே நிற்கும். பிடிமானம் போன இடத்தில் செங்குத்தாக உடைந்து விழும். உச்சி தட்டை, அதன் கீழே நேர்குத்தான பாறை, அதற்கும் கீழே சரிவு என்று ரயிலிலிருந்து நீங்கள் பார்த்த உருவம் இப்படி வந்ததுதான்.

திருமலைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் மலைப்பாதையில் இந்த இரண்டு கல்லும் தொடுகிற கோட்டைக் கடந்துதான் போகிறார்கள். அதுவும் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். கீழ்க்கல்லுக்கும் மேல்கல்லுக்கும் நடுவே குறைந்தது 50 கோடி ஆண்டு காணாமல் போயிருக்கிறது. அதாவது கிரானைட் உருவாகி, மேலே வந்து, தரைமட்டமாகத் தேய்ந்து, கடல் புகுந்து, அதன் மேல் மணல் படிய அவ்வளவு காலம். மலை மேலே இருக்கும் சிலாதோரணம் என்ற இயற்கை வளைவும் இதே குவார்ட்சைட்தான்.

இந்தக் குவார்ட்சைட்டை மட்டும் பின்தொடர்ந்து போனால் உங்கள் கேள்விக்கு முக்கால்வாசி பதில் கிடைத்துவிடும். பூண்டி ஏரிக்கு அந்தப் பக்கம் குடியம் என்று ஒரு ஊர். அங்கிருந்து முட்புதர்க் காட்டில் நடந்து போனால் ஒரு பெரிய பாறைக்குடை வரும், குகை என்பார்கள். அதன் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அது ஒற்றைப் பாறை இல்லை. முட்டை அளவு, தேங்காய் அளவு, அதைவிடப் பெரியது என்று வழவழப்பான கூழாங்கற்கள், மணலும் களியும் இறுகிய பூச்சில் பதிந்து கிடக்கின்றன. சில கற்கள் உதிர்ந்துபோய், அவை இருந்த இடம் வழவழவென்று குழியாக இருக்கும், விரலை விட்டுப் பார்க்கலாம். சில கற்களை லேசாக அசைத்தாலே ஆடும். காலடியில் உதிர்ந்தவை குவிந்திருக்கும். அந்தக் கூழாங்கற்கள் அத்தனையும் குவார்ட்சைட்.

எங்கிருந்து வந்தன? மேற்கே இருக்கிற மலைகளிலிருந்து. சுமார் 12, 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, நிலம் பிளந்து இறங்கியபோது, மலைக்கும் பள்ளத்துக்கும் உயர வித்தியாசம் அதிகம். ஆறுகளுக்கு நல்ல வேகம். மலையிலிருந்து உடைந்த குவார்ட்சைட் துண்டுகளை உருட்டி உருட்டி மழுக்கிப் பள்ளத்தின் ஓரத்தில் கொட்டின. இன்று மழைக்காலத்தில் கொசஸ்தலை ஆறு இவ்வளவு பெரிய கல்லை நகர்த்தாது. சுவரில் இருக்கிற கல்லின் அளவே அன்றைய ஆற்றின் வேகத்தைச் சொல்லிவிடுகிறது. குடியம், அல்லிக்குழி, சத்தியவேடு பக்கத்துச் சிறு குன்றுகளெல்லாம் இந்தக் கொட்டலின் மிச்சம். கவனியுங்கள், அது கொட்டப்பட்டபோது பள்ளம். இன்றைக்குக் குன்று. சுற்றியிருந்த மென்மையான களிக்கல் அரித்துப் போய்விட்டது, கூழாங்கல் கலந்த கெட்டிப் படிவு நின்றுவிட்டது. தாழ்ந்த இடம் மேடாவதற்கு நிலம் எழும்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை. என்னைக் கேட்டால், மலை என்றதும் எல்லாரும் இமயமலையையே நினைத்துக்கொள்வதுதான் நம் பள்ளிக்கூடப் பாடத்தின் குறை. அங்கே இரண்டு கண்டங்கள் மோதுகின்றன, நிலம் இன்னும் எழும்புகிறது. நம் பக்கம் மலைகள் பெரும்பாலும் மிச்சத்தால் ஆனவை.

அந்தக் கூழாங்கல்லின் கதை அங்கே முடியவில்லை. குன்று அரிபட அரிபட அது மறுபடி உதிர்ந்து, பிற்கால ஆறுகளின் சரளையில் சேர்ந்தது. கொசஸ்தலைக் கரையில் அத்திரம்பாக்கத்தில் அதே குவார்ட்சைட்டை உடைத்து ஆதிமனிதர்கள் கைக்கோடரி செய்தார்கள். ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார், அதே ஆண்டு செப்டம்பரில் சக புவியியலாளர் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கம் போனார். ஃபூட் அடிப்படையில் புவியியலாளர், அதனால்தான் அவர் கண்ணில் பட்டது என்று நினைக்கிறேன். பல்லாவரத்துப் பாறை சார்னோக்கைட். அங்கே சரளைக்குழியில் செதுக்கின குவார்ட்சைட் கிடந்தால், அந்த மண்ணைத் தெரிந்தவன் நின்று பார்க்கத்தான் செய்வான். தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு 2011ல் வெளியிட்ட ஆய்வு, அத்திரம்பாக்கத்தின் பழைய அடுக்கை சுமார் 15 லட்சம் ஆண்டு என்று காட்டியது.

செங்குன்றத்தில் புழல் ஏரிக்கரையில் பார்க்கிற செக்கச்செவேலென்ற சரளையும் இந்தக் குடும்பம்தான். வெப்பமும் மழையும் மாறி மாறி வந்த காலங்களில் மண்ணிலிருந்த சிலிக்காவைத் தண்ணீர் கொண்டுபோய்விட, இரும்பு தங்கித் துருவாகி, கூழாங்கற்களைச் சேர்த்து இறுக்கிவிட்டது. வெயில் பட்டால் இன்னும் கெட்டியாகும். அதனால் அந்தச் செம்மேடு சுற்றுப்புறத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்து நிற்கிறது. வட சென்னைக்கு அருகில் 'குன்றம்' என்ற பெயருக்குக் கொஞ்சமாவது தகுதி உள்ள இடம் அதுதான்.

அதற்குக் கிழக்கே எல்லாம் புது மண். புதிது என்றால் நம் கணக்கில் இல்லை, கல்லின் கணக்கில். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு உலகின் தண்ணீரில் பெரும்பங்கு பனிக்கட்டியாக இருந்தபோது, கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே. காசிமேட்டுக் கடற்கரை அன்று பல பத்து கிலோமீட்டர் கிழக்கே தள்ளி இருந்தது. ஆறுகள் அந்தத் தாழ்ந்த கடலை நோக்கி ஆழமாகப் பள்ளம் பறித்து ஓடின. பனி உருகிக் கடல் ஏறியதும் அந்தப் பள்ளங்கள் நிரம்பின. நான் மேலே சொன்ன சிப்பி கலந்த கருங்களி, கடல் உள்ளே வந்து தேங்கிய காலத்துச் சேறு. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன்பு கடல்மட்டம் ஓரளவு நிலைபெற்றதும், அலை மணலைக் கரைக்கு இணையாக மேடு மேடாகப் போட ஆரம்பித்தது. மேட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட தண்ணீர்தான் பழவேற்காடு ஏரி, எண்ணூர்க் கழிமுகம் எல்லாம்.

நம் ஊரின் பழைய புழக்கம் இந்த மணல்மேட்டை நன்றாகவே அறிந்திருந்தது. மணல் மழைநீரைப் பிடித்து வைக்கும், கடல் பக்கத்திலேயே இருந்தாலும் நல்ல தண்ணீர் கிடைக்கும். 1772ல் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் குடிநீர் கொண்டுபோகத் தோண்டிய ஏழு கிணறு இந்த மணலை நம்பித்தான். மேட்டுக்குப் பின்னால் தாழ்வாக, பாறையே இல்லாமல் கிடந்த பகுதியைப் பிடித்துத்தான் 1806 வாக்கில் எண்ணூருக்குக் கால்வாய் வெட்டினார்கள். அதுவே பிறகு பக்கிங்காம் கால்வாய் ஆனது. இதே தாழ்வுதான் மணலி, எண்ணூர் பக்கம் புயல் மழைக்கு வெள்ளம் வடியாமல் நிற்கவும் காரணம். தண்ணீர் இறங்க இடம் வேண்டும், அங்கே தரைக்கும் கடலுக்கும் உயர வித்தியாசமே பெரிதாக இல்லை.

மீஞ்சூர் மணலின் கதை கொஞ்சம் வருத்தமானது. மலை தேய்ந்து வந்து நிரம்பிய அந்தப் பருமணல் நகரத்துக்கே தண்ணீர் கொடுத்தது. 1960களிலிருந்து பெரிய மோட்டார் போட்டு இறைக்க, கடல் உள்ளே நுழைந்தது. 1969ல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்புநீர், 1983ல் சுமார் 9 கிலோமீட்டர் வரை வந்துவிட்டது.

ஆறு கொண்டுவரும் மணலோடு, கடலோரமாகவே தெற்கிலிருந்து வடக்கே நகர்கிற மணலும் நம் கரையைக் கட்டிக்கொண்டிருந்தது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை கரையைச் சாய்வாக அடித்து மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் திருப்பித் தள்ளும், ஆனால் மொத்தக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். 1875ல் துறைமுக வேலை தொடங்கிக் கடலுக்குள் சுவர் எழும்பியதும் மணல் தெற்கிலேயே தடுத்து நின்றது. மெரினா அகலமானது, ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கரை அரித்து மீனவர் தெருக்கள் கடலில் போயின. இன்று எண்ணூர் விரைவுச் சாலை ஓரம் கொட்டியிருக்கும் கருங்கல்லும், கடலுக்குள் நீட்டியிருக்கும் தூண்டில் வளைவுகளும் அந்த இழப்பைச் சமாளிக்கப் போட்டவை. ஒரு தூண்டில் வளைவு தனக்குத் தெற்கே மணலைப் பிடித்துக்கொடுக்கும், தனக்கு வடக்கே அடுத்த குப்பத்தின் மணலைப் பறித்துவிடும். மேலே பூண்டியில் 1944 முதல் அணை இருக்கிறது, ஆற்றில் மணலும் அள்ளியாகிவிட்டது. மலையிலிருந்து கடலுக்கு வந்துகொண்டிருந்த சரக்கு வழியிலேயே நின்றுவிட்டது என்பதுதான் இந்தக் கரையின் பிரச்சினை. கல் கொட்டுவது அதற்கு மருந்தாகாது என்பது என் அபிப்பிராயம்.

கடைசிக் கேள்வி, மலை வருமா? நம் காலத்தில் மட்டுமல்ல, புவியியல் கணக்கிலும் அருகில் வாய்ப்பில்லை. இந்தியா வடகிழக்காக ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. நகர்கிறது, ஆனால் மோதல் நடப்பது இமயமலையில். இந்தியாவைச் சுமந்து நகர்கிற மேலோட்டுத் தட்டில் நம் கிழக்குக் கரை நடுப்பகுதி, விளிம்பு இல்லை. 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் ஒரு நடுக்கம் வந்து சென்னையும் ஆடியது உண்மைதான். பழைய விரிசல்கள் இறுக்கம் தாங்காமல் எப்போதாவது லேசாக நகரும். அது மலையை எழுப்புகிற வேலை இல்லை. வண்டல் ஏற ஏறப் படுகை அதன் பாரத்தில் இன்னும் கொஞ்சம் தாழும், அவ்வளவுதான்.

நேரில் பார்க்க ஆசை இருந்தால் பூண்டியிலிருந்து ஆரம்பியுங்கள். அங்கே தமிழக அரசின் தொல்லியல் துறை வைத்திருக்கும் அகழ்வைப்பகத்தில் குவார்ட்சைட் கைக்கோடரிகளைப் பார்த்துவிட்டு, குடியத்துக்கு உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு தை, மாசியில் காலையிலேயே போங்கள். வழியில் கடை கிடையாது, தண்ணீர் கையில் இருக்கட்டும். சுவரிலிருந்து கல்லைப் பெயர்க்காதீர்கள், கீழே உதிர்ந்து கிடப்பதே கையில் எடுத்துப் பார்க்கத் தாராளம்.